அலகைக் காட்டு

டாக்டரம்மா யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார். வாயைப் பார்த்துத்தான் பேசுவார். கீரைக்காரி, பஸ் கண்டக்டர், ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர், யாராக இருந்தாலும் அவர் கண் நேரே உதட்டுக்கு இறங்கும். உதடு விலகினால் போதும், தீர்ப்பு வந்துவிடும். "தாடை உங்க அப்பா வூட்டுது. பல்லு அம்மா வூட்டுது. சின்ன வூட்ல பெரிய குடும்பம் குடியேறினா இப்டித்தான் முட்டிகினு நிக்கும்" என்பார். கேட்டவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று விழிப்பார்.

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவை ஒட்டி இரண்டே அறைகள்தான் அவருடைய பல் ஆஸ்பத்திரி. மாடியில் அவர் வீடு. முன் அறையில் நோயாளி சாயும் நாற்காலி. பின் அறையில் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பாத்திரமும் நானும். வேறு ஆள் கிடையாது. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். படிப்பெல்லாம் பட்டணத்தில் என்றாலும் பேச்சை ஊரிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். வாத்து பார்க்க.

வெறும் வாத்து இல்லை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற காட்டு வாத்துக் கூட்டத்தில் எங்கேயோ ஒன்று, இரண்டு இனம் கலந்து பிறந்ததாக இருக்குமாம். அதைத் தேடிப் பிடித்து, எது எதோடு சேர்ந்து இது பிறந்தது என்று கண்டுபிடிப்பது அவருக்குப் பைத்தியம். நோயாளியிடம் 'வாயைத் திற' என்று சொல்லவே மாட்டார். "அலகைக் காட்டு" என்றுதான் சொல்வார்.

எனக்கு அப்போது ஒரே ஒரு வேண்டுதல்தான். யாரும் என்னைப் பார்த்து, நான் யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது. தெற்கே எங்கள் ஊரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் ஆட்கள் வேறு, அவர் ஆட்கள் வேறு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியும். என் அண்ணன் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று, "ரெண்டு பேரையும் எங்க பார்த்தாலும் துண்டு துண்டா வெட்டிப் போட்டுட்டுத்தான் மறுவேலை" என்று சத்தியம் செய்ததாகச் செய்தி வந்திருந்தது. அவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார். நான், பார்த்ததும் யார் பெற்றது என்று சொல்லிவிடுகிற மனுஷியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் குடியேறின கதைதான்.

சேர்ந்த அன்றைக்கே, "அலகைக் காட்டு" என்றார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவேன், சிரிப்பேன். சின்ன வயதுப் பழக்கம். கையை விலக்கிப் பார்த்தவர் முகம் அப்படி மலர்ந்தது. மேல் வரிசையில் எனக்கு ஒரு பல் கூம்பாக, சோளக்குருத்து நுனி மாதிரி இருக்கும். முன்பல்லுக்கு அடுத்த பல்.

"அடடா, எலிப்பல்லு! இன்னா அழகு. உங்க வூட்ல வேற யாருக்குக் கீது?"

"யாருக்கும் இல்ல டாக்டரம்மா."

"இருக்கும். இது தனியா வராது."

எங்கள் வீட்டில் அந்தப் பல் இரண்டு பேருக்கு உண்டு. எனக்கும் அண்ணனுக்கும். அப்பா எங்களை 'எலி ரெண்டும் எங்கேடா' என்றுதான் தேடுவார். பள்ளிக்கூடத்தில் ஒருவன் என் பல்லைக் கேலி செய்ததற்கு அண்ணன் அவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தான். அதே அண்ணன்தான்.

பேச்சையும் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் 'வாங்க'விலும் 'போங்க'விலும் ஒரு இழுப்பு இருக்கும். அதை விழுங்கிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் 'இன்னா', 'கீது' எல்லாம் கற்றுக்கொண்டு பேசினேன். டாக்டரம்மா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பஞ்சு சுருட்டிக்கொண்டே, "நீ பேசற 'இன்னா' கடையில வாங்கினது. சொந்தச் சரக்கு இல்ல" என்றார். சின்ன வயதில் மெட்ராஸில் இருந்தேன் என்று ஏதோ உளறினேன். அவர் "ம்" என்றார். அந்த 'ம்' என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அவர் வாய் எவ்வளவு ஆபத்தானது என்று சீக்கிரமே பார்த்தேன். அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மாமியார், ஒரு சின்னப் பையன். பையனுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவு சந்து. டாக்டரம்மா பையன் வாயைப் பார்த்தார், அப்பன் வாயைப் பார்த்தார், அம்மா வாயைப் பார்த்தார். பிறகு, பெரிய ரகசியத்தைக் கண்ட சந்தோஷத்தில், "இந்தச் சந்து அப்பனுக்கும் இல்ல, அம்மாவுக்கும் இல்ல. எங்கேருந்துமா வந்துது?" என்று கேட்டார்.

மாமியார் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரம்மா ஒன்றும் உணராமல் வாய்க்குள் விளக்கடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்தப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும்தான் பதறினார். "அய்யய்யோ, பல்லைச் சொன்னேன்மா நானு!"

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பரம்பரை எப்படி எங்கெங்கோ ஒளிந்து வரும் என்று விளக்குவதற்குத் தன் செல்போனில் இருந்த வாத்துப் படங்களைக் காட்டினார். மாமியார், "என் வூட்டு மருமகளை வாத்துன்னு சொல்றியா நீ?" என்று எகிறினாள். டாக்டரம்மா விடவில்லை. "அலகைக் காட்டுங்க நீங்க" என்றார். மாமியாருக்கு இருந்தது முழுக்க முழுக்கப் பொய்ப்பல் செட். சொந்தப் பல் போய் எத்தனையோ காலம். "அப்போ கல்யாண போட்டோ எடுங்க." சுவரில் இருந்த பழைய படத்தை மகனே இறக்கிக் கொடுத்தான். மாலையும் கழுத்துமாக ஒரு பதினெட்டு வயதுப் பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே அதே சந்து, பேரனுக்கு இருக்கிற அதே சந்து!

மருமகள் மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். எல்லோரும் டாக்டரம்மாவைக் கொண்டாடினார்கள். எனக்கோ பயம்தான் கூடியது. பொய்ப்பல்லுக்குப் பின்னால், ஐம்பது வருஷத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைத் தோண்டி எடுக்கிறவருக்கு நான் எம்மாத்திரம்?

இன்னொன்று, அவர் சொல்கிற ஒரு சொல். இனம் என்றெல்லாம் புத்தகத் தமிழில் பேசமாட்டார். 'ஜாதி' என்பார். "அது இன்னா ஜாதி வாத்து தெரியுமா?", "ரெண்டு ஜாதி கலந்தது, பாரேன்." நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பறவை பார்க்கும் சிநேகிதர்கள் யாராவது போன் செய்வார்கள். "ஜாதி தெரியணும்னா அலகைப் பாருய்யா! அப்பன் ஆத்தா யாருன்னு அலகு சொல்லும்" என்று இங்கிருந்து கத்துவார். நான் பின் அறையில் பல் பிடுங்கும் கொறடுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். கை அப்படியே நின்றுவிடும். அந்தச் சொல்லுக்காகத்தானே நாங்கள் ஊரைவிட்டு ஓடிவந்திருந்தோம். இத்தனைக்கும் அதை அவ்வளவு ஆசையாகச் சொன்ன ஒரு மனுஷியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மார்கழியில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். ஆவிப் பாத்திரத்தைக் குனிந்து திறந்தபோது ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்த தாலி வெளியே விழுந்து ஆடியது. டாக்டரம்மா பின்னால் நின்றிருந்தார். வாயையே பார்க்கிற கண் முதல் தடவையாக என் கழுத்தில் நின்றது.

தாலியைப் பார்த்தால் எந்த ஆள் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வடிவம். நாங்கள் கல்யாணத்துக்கு நகைக்கடைக்குப் போனபோது கடைக்காரர், "உங்க வழக்கம் எதும்மா?" என்று கேட்டார். என் வழக்கத்தைச் சொன்னால் என் வீட்டுக்காரர் முகம் என்ன ஆகும், இவர் வழக்கத்தைச் சொன்னால் என் முகம் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் விழித்தோம். கடைசியில் கண்ணாடிப் பெட்டியில் தனியாகக் கிடந்த ஒன்றைக் காட்டி, "அது" என்றோம். யாருடைய வழக்கம் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

"இது உங்க வூட்டு வழக்கமா, அவரு வூட்டு வழக்கமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவுங்க வூட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டும் இல்ல" என்றார். "மூணாவது."

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், "கிளம்பிடலாம்ங்க, அந்தம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு" என்று அழுதேன். அவர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். போனவர் வாசல் கதவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா என்னை ஏரிக்குக் கூப்பிட்டார். அதுவரை கூப்பிட்டதில்லை. மறுக்கவும் தைரியம் இல்லை. கார் ஊரைத் தாண்டியதும், எங்கே கொண்டுபோகிறார், அங்கே யாரை வரச்சொல்லி வைத்திருக்கிறார் என்று மனம் அடித்துக்கொண்டது. வேடந்தாங்கலில் அந்த மாதத்தில் கூட்டம் நெரியும் என்று அதை விட்டுவிட்டு, பேர் தெரியாத ஒரு ஏரிக்குப் போனோம். கரையில் ஒரு வேலமரத்தடியில் முக்காலியில் பெரிய தொலைநோக்கியை நிறுத்தி, நெடுநேரம் கண்ணை எடுக்காமல் இருந்தார். பிறகு என்னைத் தோளைப் பிடித்து அதன் முன்னால் தள்ளினார்.

"பாரு. அதுதான்."

தண்ணீரில் ஏழெட்டு வாத்துகள். நெற்றியில் சந்தன நிறத்தில் பட்டையாக நாமம் போட்டது நாமத்தலை வாத்து என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் குட்டி குட்டியாக, கண்ணோரம் பச்சைப் பட்டையோடு இருப்பது கிளுவை. இவற்றுக்கு நடுவே ஒன்று. நாமத்தலையைவிடச் சின்னது, கிளுவையைவிடப் பெரியது.

"தலையைப் பாத்தா ஏமாந்துடுவ" என்றார். "போன வாரம் ஒருத்தரு இதைப் பாத்துட்டு, சைபீரியாவுலேருந்து அபூர்வ வாத்து வந்துகீதுன்னு ஊரையே கூட்டிட்டாரு. நான் சொன்னேன், அலகைப் பாரு. சாம்பல் நீலத்துல கறுப்பு நுனி. அது நாமத்தலை. கண்ணுக்குப் பின்னால பச்சை. அது கிளுவை. அப்பன் எது, ஆத்தா எதுன்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. ரெண்டு ஜாதி கலந்துதுன்னு மட்டும் சொல்லலாம்."

"சைபீரியா வாத்துன்னு அவரு ஏன் நினைச்சாரு?"

"கன்னத்துல வெளுப்பா ரெண்டு திட்டு தெரியுதா? சைபீரியா வாத்துக்கும் அப்படித்தான் இருக்கும். அது நாமத்தலைக்கும் இல்ல, கிளுவைக்கும் இல்ல. கலந்தாதான் வரும். அப்பன்கிட்ட இல்லாத, ஆத்தாகிட்ட இல்லாத மூணாவது ஒண்ணு. தெரிஞ்சவங்க அதை வச்சுத்தான் இது கலப்புன்னு கண்டுபிடிப்பாங்க."

தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே நின்றேன். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமே. என் தாலியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. மிரட்டுகிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று மட்டும் தெரியவில்லை.

சட்டென்று, "பருந்து" என்றார். ஒரே சொல். அடுத்த நொடி வாத்துகள் அத்தனையும் ஒரே சத்தமாக எழும்பி, ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டன. தலைக்கு மேல் ஒரு பருந்து வட்டமடித்தது. அவருக்குப் பருந்து என்றால் அதுவும்தான், ஆஸ்பத்திரியில் கீழ்ப்பல் பிடுங்குகிற வளைந்த மூக்குக் கொறடும்தான். கொறடுகளுக்கும் அலகு உண்டு என்பார்.

அந்த நேரத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பைக் சத்தம் கேட்டதும் நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

"இன்னாக்கா, ஃபாரின் வாத்து ஒண்ணு வந்துகீதாமே? எங்க கீது?" என்றான் ஒருவன்.

டாக்டரம்மா அவன் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். துண்டு சுற்றிய நீளமான ஒன்று. துண்டின் ஓரத்தில் ஏர்கன் குழாய் எட்டிப் பார்த்தது.

"ஃபாரினா? எல்லாம் வாத்துக்காரன் வுட்டுட்டுப் போன நாட்டு வாத்துப்பா. சீக்கு வந்து ஊசி போட்டு வுட்டுகீறான். துன்னா வவுத்தால போவும்."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். திரும்பி வரும் வழியெல்லாம் டாக்டரம்மா புலம்பிக்கொண்டே வந்தார். "என் வாழ்க்கையில ஒரு பறவைக்குக்கூட தப்பாப் பேரு சொன்னதில்ல. தெரியலைன்னா தெரியலைம்பேன். இன்னிக்குச் சொல்ல வச்சுட்டானுங்களே!" செங்கல்பட்டு ரோட்டுக்கு வந்ததும்தான் அடங்கினார். "ஜாதி கேக்கறவன் கையில இன்னா கீதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும். பைனாகுலரா, துப்பாக்கியா?" என்றார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகும் என் பயம் போய்விடவில்லை. இவர் மனசு நல்ல மனசு, ஆனால் வாய் அந்த வாய்தானே. ஏதாவது ஒரு சந்தோஷத்தில் யாரிடமாவது, 'எங்க ஆஸ்பத்திரிப் பொண்ணுக்கு ஒரு எலிப்பல்லு கீது பாரு' என்று சொல்லிவிட்டால்? அந்தச் சமயத்தில்தான் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. பயம் ஒன்றுக்கு இரண்டானது.

மதியம் ஆள் வராத வேளை. பின் அறையில் கருவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறந்தது. "டாக்டர் இருக்கீகளா?" என்று ஒரு குரல்.

எங்கள் ஊர்ப் பேச்சு, அந்த ஒரு 'கீகளா' போதும். கையில் இருந்தது நழுவியது. விழாமல் மடியில் பிடித்துக்கொண்டேன். என் அண்ணன்.

நடுவே ஒரு திரைதான். அண்ணன் சொல்வது ஒவ்வொன்றும் கேட்டது. "இந்தப் புள்ளயப் பாத்திருக்கீகளா? இந்தப் பக்கம் ஒரு பல்லாஸ்பத்திரியில வேல பாக்குதுன்னு தகவல். எல்லா ஆஸ்பத்திரியும் ஏறி எறங்கிட்டேன்."

செல்போனில் என் போட்டோவைக் காட்டுகிறான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க எடுத்த படமாக இருக்கும். அதில் நான் உதட்டை இறுக மூடியிருப்பேன்.

"எனக்கு மூஞ்சி ஞாபகம் நிக்காது தம்பி" என்றார் டாக்டரம்மா. "வாயை மூடிகினு கீற போட்டோவக் காட்டி என்னாண்ட கேட்டா நான் இன்னாத்தைச் சொல்றது? அது கெடக்கட்டும், உன் கன்னம் ஏன் வீங்கிகினு கீது?"

"ரெண்டு நாளா வலி. அது பரவால்ல..."

"பரவால்லயாவது! ஒக்காரு. அலகைக் காட்டு."

நாற்காலி கிரீச்சிட்டது. விளக்குப் போடும் சத்தம். வாய்க்குள் பார்க்கும்போது டாக்டரம்மா ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். அன்றும் மேல்பல்லில் சொத்தை, சீழ் என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று பேச்சு நின்றது. எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். மேல் வரிசை, முன்பல்லுக்கு அடுத்த பல்.

இது தனியா வராது.

"என்ன டாக்டர் பாக்குறீக? எலிப்பல்லா?" அண்ணன் சிரித்தான். கொஞ்சம் அன்பாகக்கூட இருந்தது அந்தச் சிரிப்பு. "என் தங்கச்சிக்கும் இதே பல்லுதான். மூஞ்சி நிக்காதுன்னீகளே, பல்லு நிக்குமில்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பல்லோட ஒரு புள்ளய எங்கயாச்சும் பாத்தீகளா?"

நான் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். மாரியாத்தா, இந்தம்மா வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன். பல்லைப் பற்றிக் கேட்டால் டாக்டரம்மாவால் பொய் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

"இந்தப் பல்லா?" என்றார் டாக்டரம்மா. "என் சர்வீஸ்ல இப்பதான் முதல் தடவையாப் பாக்கறேன்."

பிறகு, "வாயை மூடாத, மருந்து ஏத்தறேன்" என்றார். அண்ணன் முனகினான். "இது மரத்துப் போற வரைக்கும் பஞ்சைக் கடிச்சுகினு கண்ணை மூடிகினு கெட. ஏந்திரிக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டு, குரலை உயர்த்தினார். "ஏம்மா, பருந்து! உள்ள யாரும் இல்லியா? வேலைக்கு வர்றதுங்க சோத்துக்குப் போனா பொழுதுக்கும் வராதுங்க. சரி, நானே எடுத்துக்கறேன்."

மேல்பல் வலிக்குப் பருந்தை எடுக்கவேமாட்டார். அது கீழ்ப்பல்லுக்கான கொறடு. ஏரியில் வாத்துகள் எழும்பிப் பறந்தது ஞாபகம் வந்தது. புரிந்தது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றுதான் அவர் என் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். கொல்லைக் கதவைக் காட்டி, பிறகு மேலே மாடியைக் காட்டினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி ஏறி, அவர் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

ஜன்னல் இடுக்கு வழியாக அண்ணன் போவதைப் பார்த்தேன். இளைத்திருந்தான். கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பைக் பக்கத்தில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். சின்ன வயதில் அவனுக்குப் பல்வலி வந்தால் நான்தான் கிராம்பை நசுக்கி வைத்துவிடுவேன். இப்போது அவன் என் பக்கம் தலையைத் தூக்கிவிடக் கூடாதே என்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா மேலே வந்ததும், "கையில இன்னா இருந்துதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். அதைத்தான் என்னால் கேட்க முடிந்தது.

"போனுதான் இருந்துது" என்றார். தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு, "ஆனா போட்டோவுல உன் கழுத்து மேல கட்டைவிரலை வச்சு அழுத்திகினே பேசினான்மா" என்றார்.

அன்றே கிளம்புவது என்று முடிவானது. என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வேலையிலிருந்து நேரே செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னோம். கீழே ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டு, டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அலகைக் காட்டு."

"எனக்கு வலி ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"அவன் போற ஊர்ல எல்லாம் இந்தப் பல்லைச் சொல்லித்தான் கேப்பான். போட்டோவ விட இது பெரிய அடையாளம்."

பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்றைத் துளித்துளியாக அந்தக் கூம்புப் பல்லின் மேல் வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக்கி, தேய்த்து, மறுபடி வைத்தார். அடையாளம், அடையாளம் என்று உயிரை விடுகிறவர், தன் கையாலேயே ஒரு அடையாளத்தை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். ஊரில் உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற பல் வரிசை. நான் யாரோ மாதிரி இருந்தேன்.

"வாத்துக்குச் சொன்ன பொய் ஒண்ணு, உங்க அண்ணன்கிட்ட சொன்னது ரெண்டு, இது மூணு" என்று கையுறையைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "உள்ள உன் பல்லு அப்படியேதான் கீது. ஒரு பொட்டுகூட நான் அறுக்கல. என்னிக்கு வேணும்னாலும் இதை எடுத்துப் போட்டுடலாம்."

காரில் அவரே கொண்டுபோய் விட்டார். ஸ்டேஷன் வாசலில், எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். "சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா நான் சொல்லிடுவேன். என் வாய் அப்படி. நம்பரை மாத்திடு, போன் பண்ணாத." அதுதான் கடைசி. அவரைப் போல எனக்கு நல்லது செய்தவர் யாரும் இல்லை. அவருக்கு இன்று வரை ஒரு வார்த்தை எழுத எனக்குத் தைரியமும் வரவில்லை.

இப்போது நாங்கள் இருக்கிற ஊரின் பேரைச் சொல்லமாட்டேன். பாப்பா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பால்பல் விழ ஆரம்பித்ததிலிருந்து நான் நானாக இல்லை. தினமும் காலையில் பல் தேய்த்துவிடும் சாக்கில் எட்டி எட்டிப் பார்ப்பேன். முன்பல் இரண்டும் நல்லபடியாக வந்தன. அடுத்தது ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தபோது கூம்பாக வந்தது.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கேலி ஆரம்பித்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே. ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி வைத்து, வாயைத் திறக்கச் சொன்னாள். அவள் அப்பாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை. "அப்போ நான் யாரு மாதிரிம்மா?" என்று கேட்டாள். யாரைச் சொல்ல? என் பல்லை மூடிய பிறகு, எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அவளைப் போலச் சிரிக்கிறவன் ஒருவன்தான். அவன் கண்ணில் அவள் பட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் ஒவ்வொரு ராத்திரியும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன்.

போன வாரம் அவளை இங்கே ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூடிவிடலாம் என்ற முடிவோடுதான் போனேன். சின்னப் பையன் டாக்டர். "சின்ன வேலைதாங்க, பசை வச்சு சரி பண்ணிடலாம்" என்றவர், அவள் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு இல்ல. அப்பாவுக்கு இருக்கா?"

"அப்பாவுக்கும் இல்ல" என்று பாப்பா முந்திக்கொண்டாள். "யாருக்குமே இல்ல. எனக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று தெரிந்தது. வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எனக்கு இருக்கு" என்றேன்.

"எங்கங்க?"

"உள்ள இருக்கு. மேல மூடியிருக்கறதை எடுத்துடுங்க டாக்டர். அவளுக்கு ஒண்ணும் பண்ண வேணாம்."

எடுக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. டாக்டரம்மா சொன்னது பொய்யில்லை, பல் அப்படியே இருந்தது. பாப்பா நாற்காலிக் கைப்பிடியில் ஏறி நின்று, என் தாடையைப் பிடித்துத் தூக்கி, பார்த்து, பார்த்து, "அம்மா, என் பல்லு!" என்று கத்தினாள். வாயைப் பொத்த மறந்துபோய்ச் சிரித்தாள்.

வெளியே வந்தபோது தெருக்கோடியில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள். பாப்பா இன்னும் என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் அவளைப் பார்த்து, பல் தெரியவே சிரித்தேன். அந்த ஆள் இறங்கி எங்களைத் தாண்டி நடந்து போனார். முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். ஒரு காய்கறிப் பைதான் இருந்தது. இருந்தாலும் பாப்பாவை இந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.